சிப்பில் எண்ணெய் ஒழுங்காக நகரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

பாலக்காட்டுக் கணவாயில், வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற ஒரு ஆய்வகத்தில் மைக்ரோமாடல் சிப் செய்து ஓட்டுவது என் வேலை. பாறைக்குள் எண்ணெய் தங்கியிருக்கும் நுண்துளைகளைப் போல ஒரு வலைப்பின்னலைக் கண்ணாடியிலோ பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பரிலோ உருவாக்கி, அதில் எண்ணெயை நிரப்பி, பின்னாலிருந்து தண்ணீரோ பாலிமரோ விட்டுத் தள்ளுகிறோம். எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, எந்த இடத்தில் மாட்டுகிறது என்பதெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணெதிரே தெரியும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு வருவார்கள். ஜூன் வந்தால் "அண்ணா, சிப் ஒட்டவே மாட்டேங்குது" என்பார்கள். ஏப்ரலில் "அண்ணா, ஒரே குமிழியா வருது" என்பார்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள் வருவதால் எழுதி வைக்கிறேன்.

சிப்பில் வரும் பிழைகள் பல நேரம் நல்ல ரிசல்ட் மாதிரியே தோன்றும். சுவரோரம் இருக்கும் முடியளவு இடைவெளி, புதுவகைப் பாய்ச்சலாக ஆய்வேட்டில் ஏறிவிடும். பம்ப்பின் திக்கல், துளைக்குள் நடக்கும் துள்ளலாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும், இது கருவியின் கோளாறா, உண்மையிலேயே துளைக்குள் நடப்பதா என்று பிரித்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கணக்குக்கு ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 மி.மீ, அகலம் 10 மி.மீ, ஆழம் 30 மைக்ரான், பாதி இடம் துளை, பாதி இடம் தூண். இதன் மொத்தத் துளைக் கொள்ளளவு 3 மைக்ரோ லிட்டர். சொட்டு மருந்தின் ஒரு துளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பிழைகள் தானாகப் புரியும்.

## அறிகுறி: பம்ப் ஓடுகிறது, சிப்பில் ஒன்றுமே நகரவில்லை

முதல் காரணம், நேரம் போதவில்லை. உள்விட்டம் 0.5 மி.மீ உள்ள 30 செ.மீ ட்யூபுக்குள் ஏறக்குறைய 59 மைக்ரோ லிட்டர் இருக்கும். அதாவது சிப்பைப் போல் இருபது மடங்கு. நிமிஷத்துக்கு 1 மைக்ரோ லிட்டர் என்று பம்ப் வைத்தால் திரவம் சிப்பைத் தொடவே ஒரு மணி நேரம் ஆகும். மணிக்கு 2 மைக்ரோ லிட்டர் வைத்தால் ஒரு முழு நாளும் அதற்கு மேல் ஐந்து மணி நேரமும். பிள்ளைகள் இருபது நிமிஷத்தில் பொறுமை இழந்து வேகத்தைக் கூட்டுவார்கள்; அப்புறம் திரவம் சிப்பை அடையும்போது வெள்ளம் மாதிரி பாயும். ட்யூபை வெட்டிச் சின்னதாக்குங்கள். சிப்பில் செருகுவதற்கு முன்பே ட்யூபின் நுனிவரை திரவத்தைக் கொண்டுவந்து, நுனியில் ஒரு துளி நிற்கும்போது செருகுங்கள்.

அடுத்தது, பம்ப்பில் நீங்கள் கொடுத்த சிரிஞ்ச் விட்டம். 10 மி.லி சிரிஞ்சை மாட்டிவிட்டு 1 மி.லி சிரிஞ்சின் விட்டத்தையே விட்டு வைத்திருந்தால், வரும் வேகம் நீங்கள் நினைத்தது அல்ல. காசு செலவில்லாத சோதனை இது. அரை நிமிஷம் போதும்.

மூன்றாவது, சிரிஞ்சில் காற்று. சுண்டுவிரல் நகம் அளவு குமிழி இருந்தாலும் பம்ப் தள்ளுவதையெல்லாம் அதுவே சுருங்கி வாங்கிக்கொள்ளும். சிரிஞ்சை நிமிர்த்தி, தட்டி, காற்றை வெளியேற்றுங்கள். பிளாஸ்டிக் பிஸ்டனின் ரப்பர் முனையும் இதே போல அமுங்கும். மெதுவான ஓட்டத்துக்குக் கண்ணாடி சிரிஞ்ச்தான் சரி.

இது எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையா? அடைப்பைத் தேடுங்கள், ஆனால் வெளியேறும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வெளி ட்யூபைக் கழற்றுங்கள். சிப் ஓட ஆரம்பித்தால் அடைப்பு அந்த ட்யூபில். ஓடவில்லையென்றால் உள் ட்யூபைக் கழற்றுங்கள். நுனியில் துளி வந்தால் அடைப்பு சிப்பில். வராவிட்டால் ஊசியிலோ இணைப்பிலோ. துளை குத்தும்போது வெட்டுப்பட்ட ரப்பர்த் துண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அதை மைக்ரோஸ்கோப்பில் நுழைவாயிலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, அடைப்பே இல்லாமலும் நிற்கலாம். சுவர் எண்ணெயை விரும்பும் வகையாக இருந்து, தண்ணீரை இரண்டு துளைகளை இணைக்கும் 30 மைக்ரான் அகலக் கழுத்துக்குள் தள்ளினால், தண்ணீர் உள்ளே நுழையக் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று வேண்டும். டெக்கேன் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே இழுவிசை மீட்டருக்குச் சுமார் 50 மில்லி நியூட்டன். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 68 செ.மீ நீர்த்தூணின் அழுத்தம் வரை தேவைப்படும். பாட்டிலை உயர்த்தி வைத்துப் புவியீர்ப்பில் ஓட்டுபவர்கள் பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் வைத்துவிட்டு ஏன் நகரவில்லை என்று கேட்பார்கள். அங்கே கோளாறே இல்லை, பாட்டிலைத்தான் இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

பம்ப்பின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் திருகுத்தண்டு சுற்றவில்லை என்றால் நீங்களாகத் திறக்காதீர்கள். பம்ப் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எண்ணெய் விட்டு விட்டு, துள்ளித் துள்ளி நகர்கிறது

இதில்தான் பிழையும் உண்மையும் ஒரே முகத்தோடு வரும். அகலமான துளைக்கும் குறுகிய கழுத்துக்கும் மாறி மாறிப் போகும்போது திரவ முகப்பு ஒரு கழுத்தில் நின்று, அழுத்தம் சேர்ந்து, சட்டென்று அடுத்த துளைக்குள் குதிக்கும். மண்ணின் ஈரத்தை ஆராய்ந்த ஹெய்ன்ஸ் 1930-இல் விவரித்த துள்ளல் இது. இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். இது வேண்டிய விஷயம், நீக்க வேண்டியது அல்ல.

பம்ப் திக்குவது வேறு. வீடியோவை வேகமாக ஓட்டிப் பாருங்கள். துள்ளல் ஒரு நேரம் இங்கே, ஒரு நேரம் அங்கே, இடைவெளி சீராக இல்லாமல் வந்தால் அது துளைக்குள் நடப்பது. சிப் முழுக்க ஒரே நொடியில் எல்லா முகப்புகளும் சேர்ந்து அசைந்து, கடிகாரம் மாதிரி சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் அது பம்ப்.

காரணம் எளிது. எண்ணெய் வயலில் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு அடி நகர்கிறது என்பது ஆய்வில் வழக்கமாக எடுக்கும் வேகம். நம் சிப்பில் அந்த வேகம் வேண்டுமென்றால் மணிக்கு சுமார் 2 மைக்ரோ லிட்டர்தான் விட வேண்டும். 10 மி.லி சிரிஞ்சில் இதற்குப் பிஸ்டன் மணிக்கு 12 மைக்ரான் மட்டுமே நகர வேண்டும். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. பம்ப்பின் மோட்டார் படிப்படியாகச் சுற்றுவது, ஒவ்வொரு படியும் ஒரு தள்ளலாகத் தெரியும். 1 மி.லி சிரிஞ்சில் அதே ஓட்டத்துக்கு மணிக்கு 115 மைக்ரான் நகரும். 100 மைக்ரோ லிட்டர் கண்ணாடி சிரிஞ்சில் 1.2 மி.மீ நகரும். சின்ன சிரிஞ்ச் போட்டாலே முக்கால்வாசித் திக்கல் போய்விடும்.

சோதனை இது. சிப்பைக் கழற்றிவிட்டு, 0.5 மி.மீ ட்யூபின் திறந்த நுனிப் பகுதியை ஒரு ஸ்கேல் மேல் ஒட்டி, நிறத் தண்ணீரின் முகப்பு நகர்வதைப் பாருங்கள். மணிக்கு 2 மைக்ரோ லிட்டரில் அது ஆறு நிமிஷத்துக்கு 1 மி.மீ நகர வேண்டும். நின்று நின்று போனால் சிப்பின் மேல் பழி இல்லை. சின்ன சிரிஞ்சிலும் நின்றால் திருகுத்தண்டில் தூசி ஏறியிருக்கும். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் ஓரம் வைத்த பம்ப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்டைத் துடைத்து, கையேட்டில் சொன்ன கிரீஸை மட்டும் போடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை பம்ப் வாங்குவதுதான் வழி. செலவு அதிகம் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள்.

## அறிகுறி: தண்ணீர் ஒரே பாதையில் ஓடி, எண்ணெயை விட்டுவிட்டு வெளியேறுகிறது

இந்த ஒரு அறிகுறிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். எண்ணெய் மீட்பு ஆராய்ச்சியின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது: தண்ணீர் ஏன் எல்லா எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வராமல் விரல் விரலாகப் பிரிந்து ஓடுகிறது?

உண்மையான விரல் இரண்டு வகை. கெட்டியான எண்ணெயை நீர்த்த தண்ணீர் தள்ளும்போது பாகுத்தன்மை வேறுபாட்டால் விரல் முளைக்கும். சாஃப்மனும் டெய்லரும் 1958-இல் காட்டியது. மெதுவாக ஓட்டும்போது பாகுத்தன்மை பின்னுக்குப் போய், கழுத்துகளின் அகலமே பாதையைத் தீர்மானிக்கும்; இது நுண்புழை விரல். லெனோர்மான் குழு 1988-இல் இந்த இரண்டையும் மூன்றாவதான சீரான தள்ளலையும் ஒரே வரைபடத்தில் வைத்தது. பாகுத்தன்மை விரல்கள் மெலிந்து, கிளைவிட்டு, வெளிவாயிலை நோக்கியே ஓடும். நுண்புழை விரல்கள் பக்கவாட்டிலும் பின்னாலும்கூடப் பரவி, வளைத்து எண்ணெயைத் தீவு தீவாகச் சிறைப்படுத்தும். ஓட்ட வேகத்தைப் பத்து மடங்கு மாற்றினால் இந்த வடிவம் மாறும்.

மாறவில்லையா? அப்போது சந்தேகப்படுங்கள்.

முதலில் விலையில்லாத சோதனை: நுழைவாயிலையும் வெளிவாயிலையும் மாற்றிப் போட்டு, அதே வேகத்தில் ஓட்டுங்கள். விரல் சிப்பின் அதே பகுதியில்தான் மறுபடியும் வந்தால் குற்றம் சிப்பில்.

அடுத்து, சிப் முழுக்கத் தண்ணீர் மட்டும் நிரப்பி, பின்னால் சாயத் தண்ணீர் விடுங்கள். இரண்டும் ஒரே திரவம், ஆகவே சாயத்தின் முகப்பு ஏறக்குறைய நேராக நகர வேண்டும். ஒரு ஓரமாக மட்டும் பாய்ந்தால் அங்கே ஆழம் கூடியிருக்கிறது. ஆழமற்ற அகன்ற வாய்க்காலில் ஓட்டம் ஆழத்தின் மும்மடியைப் பொறுத்தது. 30 மைக்ரான் 33 ஆனால் ஆழம் பத்து சதவீதம்தான் கூடியது, ஓட்டம் முப்பத்து மூன்று சதவீதம் கூடிவிடும். இவ்வளவு சின்ன வேறுபாட்டுக்கு இவ்வளவு பெரிய தண்டனை என்பதை என் பிள்ளைகள் முதல் முறை கேட்டால் நம்பமாட்டார்கள். மென்மையான பிடிஎம்எஸ் அழுத்தத்தில் பலூன் மாதிரி மேலே எழும்பும். வேகமாக ஓட்டும்போது நடுப்பகுதி ஓட்டத்தை வாங்கிக்கொள்வது இதனால்தான். மேலே ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டினால் எழும்பாது.

மாறாக, கூரை தொய்ந்து தரையைத் தொடுவதும் உண்டு. தூண் இல்லாத இடம் ஆழத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அகலமாக இருந்தால் இதை எதிர்பார்க்கலாம். தொய்ந்த இடம் மைக்ரோஸ்கோப்பில் வானவில் வளையங்களோடு தெரியும். அழுத்திப் பார்த்தால் சரியாகாது, வடிவமைப்பில் நடுவே தூண் சேர்க்க வேண்டும்.

நுழைவாயிலுக்குப் பின்னால் திரவத்தைப் பிரித்துவிடும் வாய்க்காலில் ஒரு குமிழி உட்கார்ந்திருந்தாலும் சிப்பின் பாதி பட்டினி கிடக்கும். வலைப்பின்னலையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படாது. லென்ஸை நுழைவாயிலுக்கு நகர்த்திப் பாருங்கள்.

ஒரே அச்சில் எடுத்த மூன்று சிப்பிலும் விரல் அதே இடத்தில் வந்தால் அச்சில் பிழை. அச்சின் ஆழத்தை அளக்கப் ப்ரொஃபைலோமீட்டர் வேண்டும், அது எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. அச்சைச் செய்துகொடுத்த சுத்த அறைக்கே (தூசியில்லாத ஆய்வறை) திருப்பி அனுப்பி நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழம் அளந்து தரச் சொல்லுங்கள். நீங்களாக அச்சைச் சுரண்டிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

## அறிகுறி: சிப் ஒட்டவில்லை, ஓரத்தில் கசிகிறது

கணவாயில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் இதுதான் பேச்சு. மே மாதம் பத்துக்கு ஒன்பது சிப் ஒட்டும். அதே கை, பரப்பை ஒட்டத் தயாராக்கும் அதே பிளாஸ்மா எந்திரம், ஜூனில் பாதி உரிந்து வரும்.

தூசியிலிருந்து ஆரம்பியுங்கள். பிடிஎம்எஸ் பரப்பில் செலோடேப்பை ஒட்டி உரியுங்கள், இரண்டு முறை. கண்ணாடியை ஐசோபுரொப்பனாலில் கழுவி ஊதி உலர்த்துங்கள்.

அப்புறம் ஈரம். கழுவிய ஸ்லைடு காய்ந்த மாதிரித்தான் தெரியும், ஆனால் மழைக்காலத்தில் மேலே மெல்லிய ஈரப்படலம் இருக்கும். ஹாட் பிளேட்டில் 100 டிகிரியில் சில நிமிஷம் வைத்துவிட்டு, ஆறியதும் உடனே பிளாஸ்மாவுக்குள் வையுங்கள். வெளியே எடுத்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு 70, 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் எங்கள் ஜூன் மாதச் சிப்புகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன.

பிளாஸ்மா அதிகமானாலும் ஒட்டாது. ஒட்டவில்லை என்று நேரத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்குபவர்கள் பரப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அரை நிமிஷத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கும் இடையில் தொடங்குங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, பிளாஸ்மா பட்ட பரப்பில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். தட்டையாகப் பரவினால் பிளாஸ்மா சரி, தவறு வேறு எங்கோ. உருண்டு நின்றால் எந்திரத்தில் காற்று உறிஞ்சும் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். அது கருவி நிபுணரின் வேலை.

பரப்பு பிசுபிசு என்று இருக்கிறதா? பிசின், கெட்டியாக்கி விகிதத்தைப் பத்துக்கு ஒன்று என்று தராசில் எடையிட்டுப் பாருங்கள், கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். விகிதம் சரியாக இருந்தும் பிசுபிசுப்பு இருந்தால் கையுறையைப் பாருங்கள். லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம் பிடிஎம்எஸ்ஸை இறுகவிடாது. நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள்.

கசிவு ஓரத்தில் இல்லாமல் ட்யூப் செருகிய இடத்தில் என்றால், துளை ட்யூபைவிடச் சற்றுச் சின்னதாக இருக்க வேண்டும். மழுங்கிய பஞ்ச் துளையின் சுவரைக் கிழித்துவிடும். புதிய பஞ்ச் ஒன்று வாங்குவது இருபது சிப்பை இழப்பதைவிட மலிவு.

## அறிகுறி: குமிழி, மறுபடியும் குமிழி

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. காலையில் குளிர்ந்த தண்ணீரை சிரிஞ்சில் ஏற்றி, மதியம் சூடான அறையில் ஓட்டினால் தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வரும். ஓட்டும் வெப்பத்திலேயே தண்ணீரை வைத்து, வெற்றிடத்தில் அரை மணி நேரம் காற்று எடுத்துவிட்டு ஏற்றுங்கள். (அதே வெயில் இன்னொன்றும் செய்யும்: தண்ணீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் 0.89 மில்லி பாஸ்கல் நொடி, 35 டிகிரியில் 0.72. காலை ரிசல்ட்டும் மதிய ரிசல்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் அறை வெப்பத்தைக் குறித்து வைத்தீர்களா என்று பாருங்கள்.)

முதல் முறை நிரப்பும்போதே குமிழி மூலையில் மாட்டுகிறதா? தண்ணீர் விடுவதற்கு முன் சிப்பை கார்பன் டை ஆக்சைடால் சில நிமிஷம் ஊதுங்கள். அது தண்ணீரில் காற்றைவிடப் பல மடங்கு கரையும், மிஞ்சிய குமிழிகள் தாமே மறையும். பிடிஎம்எஸ் சிப் என்றால் இன்னொரு வழி: வெளிவாயிலை அடைத்து, நுழைவாயிலில் மெல்ல அழுத்தம் கொடுங்கள். காற்று ரப்பர் வழியாகவே வெளியேறிவிடும்.

அதே ரப்பர் தண்ணீரையும் ஆவியாக்கி விடும். மணிக்கு 2 மைக்ரோ லிட்டர் ஓட்டும் நாட்களில் உப்புத் தண்ணீர் கெட்டிப்பட்டு, ஓரத்தில் உப்புப் படிகம் மினுக்கும். முதல் நாள் இரவே சிப்பைத் தண்ணீரில் ஊறவையுங்கள், ஓட்டும்போது சுற்றி ஈரத் துணி வையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கண்ணாடிச் சிப்.

## அறிகுறி: நேற்று வந்த ரிசல்ட் இன்று வரவில்லை

அதே சிப், அதே எண்ணெய், அதே வேகம். நேற்று தண்ணீர் சுவரோரம் ஊர்ந்து எண்ணெயை நடுவே விட்டது, இன்று நடுவே பாய்ந்து எண்ணெயைச் சுவரில் விடுகிறது. அனேகமாக ஈரப்பண்பு, அதாவது சுவர் தண்ணீரை விரும்புகிறதா எண்ணெயை விரும்புகிறதா என்பது, மாறிவிட்டது.

பிளாஸ்மா பட்ட பிடிஎம்எஸ் தண்ணீரை விரும்பும், ஆனால் காற்றில் வைத்தால் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் பழைய குணத்துக்கே திரும்பிவிடும். பழைய குணத்தில் தண்ணீர்த் துளி அதன்மேல் 110 டிகிரி கோணத்தில் உருண்டு நிற்கும். ஆகவே பிளாஸ்மா முடிந்து எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் எழுதுங்கள். தண்ணீருக்குள் மூழ்க வைத்தால் மாற்றம் மெதுவாகும். சிப்போடு கூடவே செய்த ஒரு உதிரித் துண்டை வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு முன் அதில் துளி விட்டுக் கோணம் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிடிஎம்எஸ்ஸை நேரடியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மூன்று சுவர் ஒரு குணம், தரை வேறு குணம். தரைக் கண்ணாடியிலும் மெல்லிய பிடிஎம்எஸ் பூச்சு கொடுத்துவிட்டு ஒட்டினால் நான்கும் ஒன்றாகும்.

கச்சா எண்ணெய் ஓட்டிய கண்ணாடிச் சிப்பில் அந்த எண்ணெயே சுவரில் படிந்து குணத்தை மாற்றும். வயல் பாறையிலும் அதுதான் நடக்கிறது, ஆகவே சிலருக்கு அது வேண்டியதே. வேண்டாதவர்கள் அடுத்த பகுதியைப் படிக்கவும்.

## அறிகுறி: கச்சா எண்ணெய் விட்ட பிறகு கறுப்புப் புள்ளிகள், அடைப்பு

இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது, நானும் ஆரம்பத்தில் செய்தது: எண்ணெயைக் கழுவ ஹெப்டேன் விடுவது. கச்சா எண்ணெயில் உள்ள அஸ்ஃபால்டீன் என்ற கனமான பகுதி ஹெப்டேனில் கரையாது. பிரிந்து, கறுப்புத் தூளாகக் கழுத்துகளில் உட்காரும். டொலுவீனில் கரையும். ஆகவே முதலில் டொலுவீன், நிறமின்றி வரும்வரை. பிறகு ஐசோபுரொப்பனால், அதன் பிறகுதான் தண்ணீர். கண்ணாடிச் சிப்பில் மட்டும், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும்.

பிடிஎம்எஸ்ஸில் டொலுவீன், ஹெக்சேன், ஹெப்டேன் எதையும் விடாதீர்கள். ரப்பர் ஊறி வீங்கும், 30 மைக்ரான் கழுத்து கண்ணெதிரே சுருங்கும். "தானாக அடைத்துக்கொண்டது" என்று வரும் சிப்புகளில் பாதி இதுதான். அந்தச் சிப்பைக் காப்பாற்ற முடியாது.

குளிர்ந்த காலையில் மட்டும் அடைத்து, மதியம் திறக்கிறதா? மெழுகு. ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெய் இப்படிப்பட்டது. குளிர்ந்தால் உறைந்துவிடும் என்பதால் குஜராத் கடற்கரைவரை 600 கி.மீ-க்கும் மேற்பட்ட குழாயை முழுக்கச் சூடாக்கியே கொண்டுபோகிறார்கள். சிப்புக்கு அடியில் சூடாக்கும் தகடு வைத்து, சிரிஞ்சையும் ட்யூபையும் சேர்த்துச் சூடாக்குங்கள். சிப்பை மட்டும் சூடாக்கினால் ட்யூபில் உறையும்.

சூடாக இருந்தும் புள்ளி வந்தால் உப்புத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கால்சியம் உள்ள நீரும் பைகார்பனேட் அல்லது சல்பேட் உள்ள நீரும் சிப்புக்குள் சந்தித்தால் செதில் படியும். இரண்டையும் முதலில் ஒரு பீக்கரில் கலந்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். எந்தத் தண்ணீரையும் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகவே விடுங்கள்.

கண்ணாடிச் சிப்பைப் புதிதாகச் செதுக்க வேண்டிய நிலை வந்தால் வெளியே கொடுத்துச் செய்யுங்கள். செதுக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலின் வழியே எலும்புவரை இறங்கும், வலி தாமதமாகத்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலே இருக்கக் கூடாது. இதில் நான் எந்தச் சமாதானமும் கேட்கமாட்டேன்.

## அறிகுறி: பாலிமர் விட்டதும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

பாலிமர் கரைசல் தண்ணீரைக் கெட்டியாக்கி விரலைத் தடுக்கத்தான் விடுகிறோம், ஆகவே அழுத்தம் ஏறுவது இயல்பு. ஒரு மட்டத்துக்கு ஏறி நின்றால் சரி. நிற்காமல் ஏறினால் அடைப்பு.

கரைசலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மீன்கண் மாதிரிக் கட்டிகள் மிதந்தால் தூளை ஒரேயடியாகக் கொட்டியிருக்கிறார்கள். தண்ணீரை வேகமாகச் சுழற்றி, சுழலின் ஓரத்தில் தூளைச் சிறுகச் சிறுகத் தூவி, பிறகு வேகத்தைக் குறைத்து இரவு முழுக்க மெல்லக் கலக்குங்கள். வேகமாகவே கலக்கினால் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து கரைசல் நீர்த்துவிடும். மெல்லிய ஊசி வழியே விரைந்து தள்ளினாலும் அதே கதி. உப்பு கூடினாலும் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமரின் பாகுத்தன்மை விழும், ஆகவே எந்த உப்பு நீரில் கரைத்தீர்களோ அதிலேயே அளந்து பாருங்கள். சாந்தன் என்ற பாலிமர் என்றால் இரண்டு மூன்று நாள் வைத்த கரைசலைத் தூக்கி ஊற்றிவிடுங்கள், கிருமி வளர்ந்திருக்கும்.

## அறிகுறி: படத்தில் கணக்கு இடிக்கிறது

சிப்பின் துளைகளில் எண்ணெய் 62 சதவீதம் என்று ஒரு படம், ஒரு நொடி கழித்து 58 என்று இன்னொரு படம், நடுவே எதுவும் நகரவில்லை. முதலில் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும், கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்போஷரை நொடியில் நூறில் ஒரு பங்கின் மடங்காக வையுங்கள், அல்லது பேட்டரியில் எரியும் விளக்கு போடுங்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் விளக்கு மங்கினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி இணைப்பு வாங்குங்கள்.

அடுத்தது சாயம். மெத்திலீன் நீலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் போன பிறகும் சுவர் நீலமாகவே இருக்கும், கணினி அதைத் தண்ணீர் என்று எண்ணும். எண்ணெய்ச் சிவப்பு வகைச் சாயங்கள் பிடிஎம்எஸ்ஸுக்குள் ஊறிவிடும். சாயம் இல்லாமல் ஒருமுறை, சாயத்தோடு ஒருமுறை துளியின் வடிவத்தை ஒப்பிட்டால் சாயம் இழுவிசையை மாற்றுகிறதா என்பதும் தெரிந்துவிடும். சரியாக அளக்கத் தொங்கு துளிக் கருவி வேண்டும். வேதியியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக வரம்பு எண், அதாவது எது எண்ணெய், எது எண்ணெய் இல்லை என்று கணினி படத்தைப் பிரிக்கும் வெளிச்ச அளவு. ஒவ்வொரு படத்துக்கும் தானியங்கி வரம்பு வைத்தால் அது படத்துக்குப் படம் அலையும். ஓட்டத்துக்கு முன் சிப் முழுக்க எண்ணெய் நிரம்பியிருக்கும் படத்தை எடுங்கள். அதில் எண்ணெய் இருக்கும் பரப்பும், அச்சு வரைபடத்தில் துளை இருக்கும் பரப்பும் ஒன்றாக வர வேண்டும். நம் சிப்பில் அது 50 சதவீதம். 50 வரும்வரை வரம்பை நகர்த்தி, அந்த எண்ணை எழுதி வைத்து, அந்த ஓட்டம் முடியும்வரை தொடாதீர்கள். எந்த வரம்பிலும் 50 வரவில்லை என்றால் ஃபோகஸைப் பாருங்கள். ஃபோகஸும் சரி என்றால் சிப்பில் இன்னும் எங்கோ காற்று இருக்கிறது. குமிழிப் பகுதிக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து நிரப்புங்கள்.